வலது காலா, இடது காலா?

பைப்பர் கப் விமானத்தில் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வது ஒரு கம்பி. டேங்க் மூடியில் ஒரு துளை, அதன் வழியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கம்பியின் அடியில் பெட்ரோலில் மிதக்கும் ஒரு தக்கை. வேறு எதுவும் கிடையாது. பெட்ரோல் குறையக் குறையத் தக்கை இறங்கும், கம்பியும் கூடவே இறங்கும். டேங்க் மூடி முன் கண்ணாடிக்கு வெளியே, மூக்கின் மேல் இருப்பதால் பறக்கும் நேரமெல்லாம் அந்தக் கம்பி கண்ணெதிரே குதித்துக்கொண்டே வரும். முழுக்க நிரப்பினால் 12 அமெரிக்க காலன், ஏறத்தாழ 45 லிட்டர். கம்பி குட்டையாகி மூடியோடு மூடியாக உட்காரப் பார்க்கிறது என்றால், அதற்கு முன்பே இறங்க இடம் பார்த்திருக்க வேண்டும்.

நான் பிழைப்புக்கு ஓட்டுவது ஜெட் விமானம். அங்கே எரிபொருள் கிலோ கணக்கில் திரையில் தெரியும். போய்ச் சேரும்போது எத்தனை கிலோ மிஞ்சும் என்பதையும் கணினியே சொல்லிவிடும். அந்த விமானத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை வடிவமைத்தவர்கள் மீது இன்னும் அதிகம். ஆனால் விடுப்பு நாளில் விடிவதற்கு முன் எழுந்து, புல் ஓடுதளம் ஒன்றுக்குப் போய் நான் தேடுவது அந்தக் கம்பியைத்தான்.

ஏன் என்று கேட்கிறார்கள். சுதந்திரம், காற்று, அந்தக் காலத்து அழகு என்று ஏதாவது சொல்லிவைப்பேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் போதாத பதில். கொஞ்ச நாளாக யோசித்ததில் எனக்குச் சரியாகப் படுவது இது: இன்றைய விமானங்களில் எல்லாக் கேள்விகளுக்கும் விடை முடிவாகிவிட்டது. பழைய விமானங்களிலும் வினோதமான விமானங்களிலும் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. எப்படித் திருப்புவது, எப்படி நிறுத்துவது, விமானி எங்கே உட்கார வேண்டும், எதை அவர் பொறுப்பில் விடலாம், எதை விடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தனக்குத் தோன்றிய ஒரு விடையை எழுதி, அதற்கு இறக்கை கட்டிவிட்டிருக்கிறார். அந்த விடையை என் கையாலும் காலாலும் படிக்க முடிகிறது. அந்தப் படிப்புதான் என் சந்தோஷம்.

விடைகள் ஒன்றாகிப் போனதற்கு நல்ல காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுதளத்திலேயே வயிறு தரையில் பட உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடந்தது. ஃபிளாப்பை, அதாவது தரையிறங்கும்போது இறக்கையின் பின் விளிம்பில் இறக்கிவிடும் மடலை, மடக்கப் போன விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டுக்குமான கட்டுப்பாடுகள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. தப்பு விமானியின் தலையில் இல்லை, கைப்பிடியில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். சக்கரத்துக்கான கைப்பிடியின் நுனியில் சின்னச் சக்கரம் போல ஓர் உருளை, ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு. கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துவிடும். இன்று நான் ஓட்டும் ஜெட்டிலும் சக்கர நெம்புகோலின் நுனியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன்.

அதற்கு முந்தைய காலத்தில் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்கு வேகம் கொடுக்கும் நெம்புகோல், எந்தப் பக்கம் போனால் வேகம் என்பதில்கூட ஒற்றுமை கிடையாது. பிரெஞ்சு விமானங்கள் பலவற்றில் பின்னால் இழுத்தால்தான் முழு வேகம். பிரான்ஸுக்காகக் கட்டப்பட்ட கர்ட்டிஸ் போர் விமானங்கள் பின்னர் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போனபோது, முன்னால் தள்ளிப் பழகிய கைகள் அந்த ஏற்பாட்டோடு மல்லுக்கு நின்றன. தரையைத் தொடுவதற்கு முன் வேகத்தை முழுக்கக் குறைக்க நினைத்துக் கை முழு வேகம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கப்புக்கு வருகிறேன். அங்கேதான் எனக்கும் ஆரம்பம்.

அது 1930களின் கடைசியில் வந்த விமானம். 65 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின், எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி. மின்சாரமே கிடையாது. பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, விளக்கு இல்லை. ப்ரொப்பல்லரைக் கையால் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லி, கேட்டு, திருப்பிச் சொல்லிக்கொள்ளும் ஒரு சடங்கு அது. "சுவிட்ச் ஆஃப்?" "ஆஃப்!" "பிரேக்?" "பிடித்திருக்கிறேன்!" இந்தச் சடங்கில் ஒரு சொல்லைக்கூட விழுங்கக் கூடாது. சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் தரைக் கம்பி (எர்த்) எங்காவது அறுந்திருந்தால் இன்ஜின் பற்றிக்கொள்ளும். ஆகவே ப்ரொப்பல்லரைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது இப்போதே கிளம்பப்போகிறது என்று நினைத்துத்தான் தொட வேண்டும். என்னைப் பழக்கிய பயிற்சியாளர் காலை எங்கே ஊன்றுவது, உடலை எந்தப் பக்கம் விலக்கிக்கொள்வது என்று இன்ஜின் இல்லாமலே ஒரு மணி நேரம் பழக்கினார். அந்த ஒரு மணி நேரத்தை இன்றும் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

தனியாகப் பறக்கும்போது எடை சரியாக அமைவதற்காகப் பின் இருக்கையில் உட்கார வேண்டும். முன்னால் ஒரு காலி இருக்கை, அதற்கு முன்னால் கருவிப் பலகை, அதையும் தாண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூக்கு. தரையில் போகும்போது நேர் எதிரே எதுவும் தெரியாது. பாம்பு போல வளைந்து வளைந்து, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை என்று போக வேண்டும். பிரேக்கைக் குதிகாலால் அழுத்த வேண்டும். முதல் நாள் என் கால்கள் இரண்டும் வேறு யாருடையவையோ போல இருந்தன.

டெயில்வீல், அதாவது வாலில் சக்கரம் உள்ள விமானத்தின் கதை எளிமையானது. எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது விமானம் கொஞ்சம் திரும்பினால் போதும், பின்னால் இருக்கும் எடை முன்னே வரத் துடிக்கும். திருப்பம் தானாகப் பெருகும். முன்சக்கர விமானத்தில் அதே எடை திருப்பத்தை அடக்கி நேராக்கும். எனவே டெயில்வீலில் தரையிறங்கி முடித்தாயிற்று என்று மூச்சுவிட முடியாது. விமானம் முழுக்க நின்று, இன்ஜின் அணைந்து, ப்ரொப்பல்லர் அசையாமல் நிற்கும் வரை கால்கள் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். சின்னச் சின்ன அழுத்தங்கள், விலகல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. இருக்கைக்குக் கீழே தொடையில் உணர்கிற அந்த மெல்லிய நழுவல் வந்துவிட்டால், உங்களுக்கு விமானத்தோடு பேசத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கப்பின் வலப்பக்கக் கதவு இரண்டாகப் பிரியும். மேல் பாதியை இறக்கையோடு மாட்டிவிடலாம், கீழ்ப் பாதி தொங்கும். பறக்கும்போதும் திறந்தே வைக்கலாம். ஓர் அதிகாலை, 500 அடியில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பக்கம் முழுக்கத் திறந்த விமானத்தில் போவதை எப்படிச் சொல்வது? புல் வெட்டிய வாசனை மேலே வரும். குளிர்ந்த பள்ளத்தைக் கடக்கும்போது முழங்காலில் குளிர் தெரியும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கீழே சாலையில் போகும் கார்கள் நம்மை முந்தும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பார்க்க அவ்வளவு இருக்கும்போது எதற்கு அவசரம்?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கப்பில் சில நூறு மணி நேரம் பறந்த பிறகு எனக்குச் சிப்மங்க் ஒன்றை ஓட்ட வாய்ப்பு வந்தது. டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தின் பயிற்சி விமானம், முதலில் பறந்தது 1946 மே 22. அலுமினிய உடல், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், போர் விமானம் போன்ற கண்ணாடிக் கூடு. முதல் பார்வையிலேயே மனதைப் பறிகொடுத்தேன். மூன்று நாள் கையேட்டைப் படித்தேன். வேகங்கள், பிரேக் நெம்புகோல், எரிபொருள் வால்வு எல்லாம் மனப்பாடம். பிரேக்கே ஒரு புதிர் மாதிரி: இடது கைப்பக்கம் ஒரு நெம்புகோல், பல் பல்லாக ஏறும். அதைச் சில பற்கள் ஏற்றி வைத்துவிட்டு மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் பெடலை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். அழகான யோசனை.

கையேட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது, படித்தும் இருந்தேன். சிப்மங்க்கில் இருப்பது ஜிப்ஸி மேஜர் இன்ஜின். அதன் ப்ரொப்பல்லர் அமெரிக்க இன்ஜின்களுக்கு நேர் எதிராக, விமானியின் பார்வையில் இடஞ்சுழியாகச் சுற்றும். கப்பில் வேகம் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் போகும், வலது காலால் பிடிக்க வேண்டும். சிப்மங்க்கில் மூக்கு வலப்பக்கம் போகும், இடது காலால் பிடிக்க வேண்டும். கேட்டால் நொடியில் பதில் சொல்லியிருப்பேன்.

த்ராட்டிலைத் தள்ளினேன். வால் எழும்பியது. வால் எழும்பும் கணத்தில் சுழலும் ப்ரொப்பல்லர் பம்பரத்தைப் போல நடந்துகொண்டு மூக்கை இன்னும் ஒரு வெட்டு வெட்டும். மூக்கு வலப்பக்கம் போனது. என் வலது கால் அழுந்தியது. நான் அழுத்தவில்லை, சில நூறு மணி நேரப் பழக்கம் அழுத்தியது. மூக்கு இன்னும் வேகமாக வலப்பக்கம் போனது, ஓடுதளத்தின் ஓரப் புல் முன் கண்ணாடிக்குள் வந்தது. பின் இருக்கையில் இருந்த பயிற்சியாளர் எதுவும் பேசாமல் இடது பெடலை ஆழ அழுத்தினார். நேரானது. பறந்தோம்.

மேலே போய் ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவர், "உங்க தலைக்குத் தெரிஞ்சிருக்கு, காலுக்குத்தான் இன்னும் தெரியலை" என்றார். அன்று பதினொரு தடவை புறப்பட்டு இறங்கினோம். ஏழாவது தடவை என் இடது கால் தானாகப் போனதை உணர்ந்தேன். அந்தக் கணத்தின் நிறைவை எந்தப் பதவி உயர்வும் எனக்குத் தந்ததில்லை. நாற்பதைத் தாண்டிய ஒருவன், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவன், மறுபடி நடை பழகும் பிள்ளையாக முடிந்தது. இந்த வயதில் அப்படி ஓர் இடம் வேறு எங்கே கிடைக்கும்?

அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது டைகர் மாத். 1931 அக்டோபரில் முதலில் பறந்த இரட்டை இறக்கை விமானம். திறந்த காக்பிட், பிரேக் இல்லை, பெரும்பாலானவற்றில் வாலில் சக்கரம்கூட இல்லை, தரையில் உரசும் ஓர் இரும்புக் கட்டைதான். புல்லில் அது உரசுவதே பிரேக். பெட்ரோல் டேங்க் தலைக்கு மேலே, மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது. பெட்ரோல் தன் எடையாலேயே இன்ஜினுக்கு இறங்கும். பம்ப் பழுதாகுமோ என்ற கவலை இல்லை, ஏனென்றால் பம்பே இல்லை. முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய் இருந்தது. ஒரு முனையில் வாய், மறு முனையில் காது.

டைகர் மாத்தில் விமானத்தைச் சாய்க்கும் மடல்களான ஏலெரான் கீழ் இறக்கைகளில் மட்டும்தான். ஸ்டிக்கைச் சாய்த்தால் அது யோசித்துத்தான் சாயும். காலைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் விமானம் பக்கவாட்டில் வழுக்கும். அது வழுக்குகிறது என்று கருவி சொல்வதற்கு முன் உங்கள் கன்னம் சொல்லிவிடும். காற்று நேராக வந்தால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முகம் அமைதியாக இருக்கும். வழுக்கினால் ஒரு கன்னத்தில் மட்டும் குளிர் அறையும். எந்தக் கன்னத்தில் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கக் கால். இதைவிட நேரடியான கருவியை நான் பார்த்ததில்லை. வேகத்தை இறக்கைகளுக்கு நடுவே கட்டியிருக்கும் கம்பிகள் பாடிக் காட்டும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். இறங்கி வரும்போது த்ராட்டிலை மூடிவிட்டால் அந்தப் பாட்டு மட்டும்தான் கேட்கும். கீழே வயலில் நிற்பவர் கூப்பிட்டால்கூடக் கேட்கும்போலத் தோன்றும்.

பறப்பது சுலபம், நன்றாகப் பறப்பது கடினம் என்று டைகர் மாத்தைப் பற்றிச் சொல்வார்கள். பயிற்சிக்கு அது ஏற்றதாக இருந்ததற்கு அதுவே காரணம். தப்பை மன்னிக்கும், ஆனால் மறைக்காது.

கிழக்கே போனால் வேறு உலகம். யாக்-52 முழுக்க முழுக்க அழுத்தக் காற்றில் வாழும் விமானம். இன்ஜினைக் கிளப்புவது காற்று, சக்கரத்தை மடக்குவது காற்று, ஃபிளாப் காற்று, பிரேக்கும் காற்று. ஸ்டிக்கில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி இருக்கும். அழுத்தினால் உஸ்ஸென்று ஒரு சீறல். காக்பிட்டில் ஏறியதும் முதலில் பார்ப்பது காற்றுப் புட்டியின் அழுத்தத்தை. சக்கரம் இறங்கிவிட்டதா என்பதற்கு விளக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. இறக்கை மேல் ஒரு சின்னக் குச்சி எழுந்து நிற்கும், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மடக்கிய பிறகும் சக்கரங்கள் பாதி வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். யாராவது சக்கரத்தை இறக்க மறந்து தரையைத் தொட்டாலும் சேதம் குறைவாகவே இருக்கும். மாணவன் என்றாவது மறப்பான் என்று முன்பே ஏற்றுக்கொண்டு வரைந்த கையை அதில் பார்க்கிறேன். எனக்கு அது கருணையாகவே தெரிகிறது.

ஆன்டனோவ் ஆன்-2 பற்றி நாள் முழுக்கப் பேசலாம். 1947 ஆகஸ்ட் 31 அன்று முதலில் பறந்தது. ஜெட் யுகம் தொடங்கிவிட்ட நேரத்தில் துணி போர்த்திய இறக்கைகளோடு ஒரு பிரம்மாண்டமான இரட்டை இறக்கை விமானம்! பழமை என்று சிரித்தவர்கள் இருந்திருக்கலாம். 18,000க்கு மேல் கட்டினார்கள். பின்பக்கக் கதவு வழியே ஏறி, மேட்டில் நடப்பது போல உடலுக்குள் நடந்து காக்பிட்டுக்குப் போக வேண்டும். பக்கக் கண்ணாடிகள் வெளியே புடைத்திருக்கும், தலையைச் சாய்த்தால் நேர் கீழே சக்கரத்தைப் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் முதலில் ஒரு கனமான சக்கரத்தைச் சுழற்றி வேகம் ஏற்றும். அந்த ஊளை மெல்ல மெல்ல உயர்ந்து உச்சத்துக்குப் போனதும் அதை இன்ஜினோடு கோக்க வேண்டும். ஒன்பது சிலிண்டர், ஆயிரம் குதிரைத்திறன். ஒன்று பற்றும், இரண்டு பற்றும், வெள்ளைப் புகை, ஓர் உலுக்கல், அப்புறம் அந்த ஆழமான உறுமல். அந்த உறுமல் வயிற்றில் கேட்கும்.

ஆன்-2இன் மேல் இறக்கையின் முன் விளிம்பில் ஸ்லாட் என்னும் பட்டைகள் உண்டு. வேகம் குறைந்தால் அவை தாமாக வெளியே வந்து, இறக்கை மேல் காற்று பிரிந்துவிடாமல் பிடித்து வைக்கும். அந்த விமானத்தை ஓட்டுபவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு குறிப்பு இருக்கிறது: இரவிலோ மேகத்திலோ இன்ஜின் நின்று போய், கீழே எதுவும் தெரியாவிட்டால், கன்ட்ரோலை முழுக்கப் பின்னால் இழுத்து, இறக்கைகளைச் சமமாகப் பிடித்துக்கொள். விமானம் பாராசூட் இறங்குகிற மாதிரி இறங்கும். பெரும்பாலான விமானங்களில் இப்படிச் செய்தால் உயிர் போகும். நான் பாதுகாப்பான உயரத்தில், பக்கத்தில் அனுபவசாலி இருக்க, மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஸ்லாட்கள் டமாரென்று திறந்தன. ஐந்தரை டன் வரை தாங்கும் அந்த விமானம் மூக்கைக் கவிழ்க்காமல், இறக்கையைச் சாய்க்காமல், லேசாக ஆடிக்கொண்டு அப்படியே அமிழ்ந்தது. பக்கத்தில் இருந்தவர் கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியைப் பலர் முகத்தில் பார்த்திருப்பார்.

ஆனால் நான் மிகவும் மதிக்கும் வினோத விமானம் இதைவிடச் சின்னது. எர்கூப். அதில் ரட்டர் பெடலே கிடையாது.

ஃப்ரெட் வைக் என்ற அமெரிக்கப் பொறியாளர், மெதுவான வேகத்தில் கையும் காலும் தவறாகச் சேர்ந்ததால் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்து, சுழன்று விழுந்து செத்தவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். விமானியை இன்னும் கவனமாக இரு என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. சுழலவே முடியாத விமானத்தைக் கட்ட முடியுமா என்று யோசித்தார். 1937இல் பறந்த எர்கூப்பில் ரட்டரை ஏலெரானோடு இணைத்து, எல்லாவற்றையும் ஒரே ஸ்டீயரிங் வளையத்தில் கொண்டுவந்தார். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டர் மேலே போகும் அளவைக் குறைத்தார். அதனால் எவ்வளவு இழுத்தாலும் இறக்கை முழு ஸ்டாலுக்குப் போகாது. வால் சக்கரத்துக்குப் பதிலாக மூக்குச் சக்கரம், அதையும் அதே வளையம் திருப்பும். தரையில் கார் போலப் போகும்.

டெயில்வீலில் ஊறிய எனக்கு முதல் ஐந்து நிமிடம் கால்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆனால் சோதனை பக்கக்காற்றில்தான். சாதாரண விமானத்தில் காற்றை நோக்கிச் சாய்வாக வந்து, தரையைத் தொடும் முன் ரட்டரால் நேராக்க வேண்டும். எர்கூப்பில் நேராக்க வழியே இல்லை. ஓடுதளத்தைக் கோணலாகப் பார்த்துக்கொண்டே வந்து, கோணலாகவே தொட வேண்டும். தொட்டதும் சக்கரங்கள் பிடித்து விமானத்தைப் போகும் திசைக்குத் திருப்பிவிடும். அதைத் தாங்கும்படி வைக் கட்டியிருக்கிறார். தெரிந்தும், கடைசி மூன்று அடியில் என் உடம்பு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றது. தொட்டோம், ஓர் உதறல், நேராக ஓடிக்கொண்டிருந்தோம். நான் எதுவுமே செய்யவில்லை. என்னைச் செய்ய விடாமல் இருந்ததே அவருடைய வடிவமைப்பு.

கைகள் இல்லாமல் பிறந்த ஜெசிகா காக்ஸ் 2008இல் விமானி உரிமம் பெற்றது எர்கூப்பை ஓட்டித்தான். இரண்டு கால்களாலும். பெடல் இல்லாத விமானம் என்பதால் இரண்டு கால்களும் அவருக்குக் கைகளாகக் கிடைத்தன. வைக் இதை நினைத்து வரைந்திருக்க மாட்டார். எழுபது வருடம் கழித்து ஒருவருக்கு அது வானத்தின் வாசலானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பர்ட் ருட்டானின் லாங்-ஈசி இன்னொரு விடை. முன்னால் சின்ன இறக்கை, பின்னால் பெரிய இறக்கை, அதற்கும் பின்னால் ப்ரொப்பல்லர். முன் இறக்கை முதலில் ஸ்டால் ஆகி மூக்கு தானாகத் தாழும், பெரிய இறக்கை எப்போதும் பறந்துகொண்டிருக்கும். நிறுத்திவிட்டு இறங்கினால் மூக்கைத் தரையில் வைத்து மண்டியிட்டிருக்கும். லேக் என்ற நீர்நில விமானத்தில் இன்ஜின் தலைக்கு மேலே தூண் மீது இருப்பதால் வேகம் கொடுத்தால் மூக்கு தாழும், குறைத்தால் தூக்கும். பழகிய கைக்கு எல்லாம் தலைகீழ். கண்ணாடி போன்ற அசைவற்ற நீரில் இறங்கும்போது உயரம் கண்ணுக்குப் பிடிபடாது என்பதையும், ஒரு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரியவிட்டு நீர் வந்து தொடும் வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் அதில்தான் கற்றேன்.

நான் ஓட்டாத, ஓட்ட வாய்ப்பும் இல்லாத விமானங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் உண்டு. இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் 1909ஆம் வருடத்து பிளேரியோ ஒன்று இன்னும் தரையை விட்டு எழும்புகிறது. மூன்று சிலிண்டர் அன்ஸானி இன்ஜின். ஏலெரான் கிடையாது. இறக்கையையே முறுக்கித்தான் சாய்க்க வேண்டும். காற்று அசையாத மாலையில் மட்டும், ஓடுதளத்துக்கு மேலேயே நேராக ஒரு சின்னத் தாவல், அவ்வளவுதான் அதைப் பறக்கவிடுவது. முதல் உலகப் போர்க் காலத்து ரோட்டரி இன்ஜின்களில் இன்ஜினே ப்ரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். மசகுக்கு விளக்கெண்ணெய், ஏனென்றால் அது பெட்ரோலில் எளிதில் கரையாது. எரிந்தும் எரியாமலும் அது வெளியே தெறிக்கும். வேகத்தைக் குறைக்க ஸ்டிக்கில் உள்ள பொத்தானை அழுத்தித் தீப்பொறியை விட்டு விட்டு நிறுத்துவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த விட்டு விட்டு வரும் சத்தத்தைக் கேட்டு, அந்த விளக்கெண்ணெய்ப் புகையை முகர்ந்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு காலை அப்படியே மூக்குக்குள் வந்தது.

இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பறக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் தரையில் பல மணி நேரம் இருக்கிறது. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் இன்ஜின் ஒரு நாள் சும்மா நின்றால் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கும். தெரியாமல் ஸ்டார்ட் செய்தால், அமுங்காத எண்ணெய் மேல் பிஸ்டன் மோதி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் ப்ரொப்பல்லரைக் கையால், எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். தடுக்கினால் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். துணியில் எங்கே தொய்வு, மரத்தில் எங்கே ஈரம், கம்பியில் எங்கே துரு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஒரு வயதான மெக்கானிக். துணியை விரலால் தட்டுவார், மிருதங்கத்துக்குச் சுருதி பார்ப்பவரைப் போலக் காதைச் சாய்த்துக் கேட்பார். சில இடங்களில் ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்து அங்கே வைப்பார். நான் தட்டுவேன். வித்தியாசம் தெரிகிறதா என்று கண்ணால் கேட்பார். முதல் வருடம் எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கார்புரேட்டரில் பனி கட்டும் முன் இன்ஜினின் குரல் எப்படி மாறும் என்பதையும் அவர்தான் வாயால் செய்து காட்டினார். பல வருடம் கழித்து, ஈரமான ஒரு காலையில், கப்பின் இன்ஜின் அச்சு அசலாக அவர் குரலில் கரகரத்தது. யோசிக்காமல் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தேன். உருகிய நீரைக் குடித்து இருமியது, சில நொடியில் தெளிந்தது. அதைச் சொல்ல அன்று மாலை போனபோது அவர் இன்னொரு விமானத்தின் அடியில் படுத்திருந்தார். எழுந்து வராமலே, "எவ்வளவு நேரம் இருமிச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அலமாரியில் இருந்து போன வாரம் ஒரு கையேடு என் மேசைக்கு வந்திருக்கிறது. 1930களில் கட்டிய ஒரு பிரெஞ்சு விமானம். சீரமைத்து வைத்திருப்பவர் எதையும் மாற்றவில்லை, த்ராட்டில் உட்பட. பின்னால் இழுத்தால் வேகம். வானிலை இடம் கொடுத்தால் அடுத்த மாதம் அதில் உட்காருவேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் ஓடுதளத்தைக் கொண்டுவந்து நிறுத்திப் புறப்படுகிறேன். இன்று பத்துக்கு ஆறு தடவை கை பின்னால் வந்தது. நான்கு தடவை முன்னால் போய்விட்டது.